மொட்டை மாடி விருந்தில் எதைப் பரிமாறுவது? பதின்ம வயதினருக்கான மது இல்லாத பானங்கள்: ஓர் ஒப்பீடு

ஏப்ரல் கடைசி வாரத்தில் என் மூத்த மகளுக்கு 17 வயது நிறைகிறது. பிளஸ் ஒன் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கியிருக்கும் சமயம் என்பதால், மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வெயில் தாழ்ந்தபின் 24 பேருக்கு ஒரு சிறிய விருந்து வைப்பதென்று முடிவாயிற்று. சாப்பாட்டைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. குடிப்பதைப் பற்றித்தான் ஒரு நிபந்தனை வைத்தாள். "அம்மா, பேப்பர் கப்புல ரஸ்னா மட்டும் வேண்டாம். பெரியவங்க குடிக்கிற மாதிரி ஏதாவது இருக்கணும்" என்றாள்.

பிள்ளை இப்படிக் கேட்டதும் பெற்றோருக்கு வயிற்றில் ஒரு கலக்கம் வருவது இயல்புதான், எனக்கும் வந்தது. ஆனால் "பெரியவங்க மாதிரி" என்று அவள் சொன்னதில் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று உட்கார வைத்துக் கேட்டபோது, கண்ணாடிக் கோப்பை, நிறைய ஐஸ், விளிம்பில் செருகிய எலுமிச்சை வில்லை, நின்றபடி பேசிக்கொண்டே மெல்ல உறிஞ்சக்கூடிய பானம், "எனக்கு இது" என்று தானே தேர்ந்தெடுத்து வாங்கும் உரிமை, அளவுக்கு மீறாத இனிப்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். இவற்றில் எதுவும் மதுவைச் சார்ந்தது அல்ல. பெரியவர்களின் பானம் வேறு, மதுவைப் போல வேடமிட்ட பானம் வேறு என்ற எண்ணம் எனக்கு அந்தப் பேச்சில்தான் வந்தது. கீழே வரும் ஒப்பீடு முழுவதையும் அந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துத்தான் செய்தேன்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது. வருகிறவர்களில் இசுலாமியப் பிள்ளைகள் உண்டு. மதுவின் வாடையே ஆகாது என்று வளர்க்கப்பட்ட கிறித்தவக் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. தெருவுக்குத் தெரு டாஸ்மாக் கடையைக் கடந்து பள்ளிக்குப் போகும் ஊரில், அப்பாவின் குடியால் நிம்மதி இழந்த வீட்டிலிருந்தும் யாராவது ஒரு பிள்ளை வரத்தான் செய்யும். பீர் டின்னைத் திறக்கும் ஓசை அந்தப் பிள்ளைக்கு விளையாட்டாக இருக்காது. எந்த விருந்தாளியும் ஒதுங்கி நிற்க நேராத பானமே நல்ல பானம் என்று நான் நினைக்கிறேன்.

முதலில் பார்த்தது ஆல்கஹால் இல்லாத பீர். சூப்பர் மார்க்கெட்டில் பழச்சாறு வரிசைக்குப் பக்கத்திலேயே இப்போது கிடைக்கிறது. 2018-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வெளியிட்ட விதிகளின்படி, கன அளவில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பானமே மதுபானம் ஆகும். தமிழ்நாட்டில் மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 21; பக்கத்தில் புதுச்சேரியில் 18. அந்தக் கட்டுப்பாடு மதுபானத்துக்கு உரியது என்பதால் இந்த டின்கள் அதற்குள் வருவதில்லை. போதை ஏறுமோ என்ற அச்சமும் வேண்டியதில்லை. நன்கு கனிந்த வாழைப்பழத்திலும் ரொட்டியிலும்கூட நுண்ணளவில் ஆல்கஹால் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் டின்னின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். "0.0" என்று போட்டிருப்பதும் வெறுமனே ஆல்கஹால் இல்லாதது என்று போட்டிருப்பதும் ஒன்றல்ல, இரண்டாவது வகையில் 0.5 சதவீதம் வரை இருக்கக்கூடும்.

உடலுக்குத் தீங்கில்லை என்றாலும் நான் இதை ஒதுக்கிவிட்டேன். 0.0 டின்கள் பெரும்பாலும் ஏற்கெனவே புகழ்பெற்ற பீரின் பெயரையும் சின்னத்தையும் நிறத்தையும் தாங்கியே வருகின்றன. 16, 17 வயதில் ஒரு பிள்ளையின் கையில் அந்த டின்னை நாமே கொடுத்தால், நான்கைந்து ஆண்டுகள் கழித்து அவர்கள் தாமாக எடுக்க வேண்டிய முடிவில் பாதியை இன்றே நாம் எடுத்துக் கொடுத்தது போல ஆகிவிடுகிறது. அதோடு, விருந்தில் எடுக்கும் படம் அன்றிரவே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்துவிடும். படத்தில் டின் தெரியும், அதில் எழுதியிருக்கும் சுழியம் தெரியாது. பிறர் வீட்டுப் பிள்ளைக்கு இதைக் கொடுக்க வேண்டுமானால் 24 வீட்டுப் பெற்றோரிடமும் முன்கூட்டியே கேட்டாக வேண்டும். கேட்கத் தயங்கும் பொருளை விருந்தில் வைக்கக் கூடாது.

இருந்தாலும் ஒரு டின் வாங்கி வந்து வீட்டில் நாங்கள் மூவரும் ஆளுக்கு இரண்டு மடக்கு சுவைத்துப் பார்த்தோம். கதவுக்குப் பின்னால் ஒரு மர்மப் பொருளாக அது இருக்க வேண்டாம் என்பதே காரணம். மகள் முகத்தைச் சுளித்துவிட்டு, "கசக்குது, ஆனா மடமடன்னு குடிக்க முடியல, அது நல்லாருக்கு" என்றாள். அந்த டின்னிலிருந்து நாங்கள் பெற்ற மிகப் பயனுள்ள பாடம் அதுதான். கசப்பு நம்மை நிதானமாகக் குடிக்க வைக்கிறது. ஒரு கோப்பையை அரை மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு பேச முடிவது அதனால்தான்.

ஷாம்பெயின் வடிவப் புட்டியில் வரும் நுரைக்கும் திராட்சைச் சாற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது புட்டியால் மட்டுமே பெரியவர்களின் பானம். நாக்குக்கு அது சிறுபிள்ளைகளின் சாறுதான். திராட்சையின் இயல்பான இனிப்பே 100 மில்லிக்கு சுமார் 15 கிராம் இருக்கும். தக்கையை வெடிக்க விடும்போது எதிரே நிற்பவர் கண்ணைக் குறித்தும் கவனம் வேண்டும். அந்த நிறமும் நுரையும்தான் வேண்டுமென்றால், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை நம் பக்கத்துத் தேனி மாவட்டத்தில் விளைகிறது. அதைத் தோலோடு பிசைந்து வடிகட்டி, ஒரு பங்கு சாற்றுக்கு இரண்டு பங்கு சோடா ஊற்றினால் அதைவிட நல்ல பானம் கிடைக்கும். தோலின் துவர்ப்பும் அதில் இறங்கியிருக்கும்.

மூன்றாவது, கேட்டரிங்காரர்கள் கொண்டுவந்து போடும் மாக்டெயில் (மது சேர்க்காத காக்டெயில்) கவுன்டர். மதுரைக் கல்யாண மண்டபங்களில் இப்போது பாப்கார்ன் கவுன்டருக்குப் பக்கத்தில் இதுவும் நிற்கிறது. விர்ஜின் மொஹிட்டோ, ப்ளூ லகூன், தர்பூசணி கூலர் என்று ஐந்தாறு வகை வைத்திருப்பார்கள். இதன் கவர்ச்சியை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். கவுன்டருக்கு முன் நின்று, தனக்கு வேண்டியதைச் சொல்லி, தன் கண் முன்னால் குலுக்கி ஊற்றித் தருவதை வாங்குவதில்தான் என் மகள் கேட்ட "பெரியவர்" உணர்வு முழுமையாக இருக்கிறது. எனக்குச் சொன்ன விலை கோப்பைக்கு 120 ரூபாய், குறைந்தது 75 கோப்பை. 9,000 ரூபாய் எங்கள் சாப்பாட்டுச் செலவைவிட அதிகம் என்பது ஒரு பக்கம் இருக்க, அவர்களிடம் கேட்ட கேள்விகளுக்குக் கிடைத்த பதில்களே என்னைப் பின்வாங்கச் செய்தன.

புகை எப்படி வரும் என்று கேட்டேன். கோப்பையிலிருந்து வெண்புகை வழிய வைப்பதற்கு அவர்கள் பயன்படுத்துவது திரவ நைட்ரஜன். சிலர் உலர் பனிக்கட்டியைப் போடுகிறார்கள். திரவ நைட்ரஜனின் வெப்பநிலை மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். முழுமையாக ஆவியாகுமுன் விழுங்கிவிட்டால், வயிற்றுக்குள் போய் ஒரே நொடியில் பல நூறு மடங்கு வாயுவாக விரிந்து இரைப்பையைக் கிழித்துவிடும். 2012-இல் இங்கிலாந்தில் தன் 18-ஆவது பிறந்தநாளன்று இத்தகைய பானத்தைக் குடித்த ஒரு பெண்ணுக்கு, உயிரைக் காப்பாற்ற இரைப்பையையே அகற்ற வேண்டியதாயிற்று. 2024-இல் பெங்களூரில் ஒரு திருமண வரவேற்பில், திரவ நைட்ரஜனால் புகை வர வைக்கும் புகை பீடாவைத் தின்ற 12 வயதுச் சிறுமியின் வயிற்றில் துளை விழுந்தது. அதே ஆண்டில், திரவ நைட்ரஜனில் போட்டுத் தரும் புகை பிஸ்கட் விவகாரம் கிளம்பியபோது தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையும் எச்சரிக்கை விடுத்தது. புகை வேண்டாம் என்று நாம் சொன்னால் அவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் நாம் சொல்ல வேண்டும்.

அடுத்து ஐஸ். மீன் பதப்படுத்தவும் பொருள்களைக் குளிர்விக்கவும் செய்யப்படும் ஐஸ் கட்டியைக் குடிக்கும் பானத்தில் உடைத்துப் போடக் கூடாது என்பதற்காக, உண்ணத்தகாத ஐஸில் நீல நிறம் கலக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் உத்தரவிட்டது. நடைமுறையில் கோணியும் உமியும் ஒட்டிய வெள்ளைக் கட்டியே வந்து இறங்குவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கவுன்டர் வைப்பதாக இருந்தாலும் ஐஸை மட்டும் நாமே மூட்டையிட்ட உண்ணத்தகு ஐஸ் கட்டிகளாக வாங்கிக் கொடுத்துவிடுவது நல்லது.

மூன்றாவது கேள்வி, புட்டிகளில் என்ன இருக்கிறது என்பது. காக்டெயில் வாசனைக்காகச் சிலர் மாக்டெயிலிலும் நான்கு சொட்டு விடும் அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாரத்தில் 44.7 சதவீதம் ஆல்கஹால் உண்டு. ஒரு கோப்பையில் அது கடுகளவுதான் என்றாலும், "மது இல்லாதது" என்று நம்பிக் குடிக்கும் விருந்தாளிக்கு அது நம்பிக்கை மோசடி. எனர்ஜி ட்ரிங்க் கலந்த மொஹிட்டோவும் அந்தப் பட்டியலில் இருந்தது. காஃபீன் பானங்களில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கலாம் என்றும், குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை என்று டின்னிலேயே அச்சிட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அந்த டின்னை உடைத்து ஊற்றிப் புதினா இலையால் மூடிவிட்டால் எச்சரிக்கையும் சேர்ந்து மறைந்துபோகிறது.

சர்க்கரைக் கணக்கு இவை எல்லாவற்றையும்விடச் சாதாரணமானது, ஆனால் நிச்சயமானது. சம எடை சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்த பாகு 30 மில்லி ஊற்றினால் கோப்பையில் சுமார் 18 கிராம் சர்க்கரை விழுகிறது. கடைப் பாகு இன்னும் கெட்டியானது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்ணும் ஒருவர், பானத்திலும் இனிப்பிலுமாகச் சேரும் சர்க்கரையை 50 கிராமுக்குள் நிறுத்த வேண்டும், 25 கிராமுக்குள் நிறுத்தினால் மேலும் நன்மை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின் கணக்கு. மூன்று கோப்பை மாக்டெயிலும் ஒரு துண்டு கேக்கும் அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

அப்படியானால் அதே மாக்டெயில்களை வீட்டில் செய்துவிடலாமே என்பது நான்காவது வழி. கூடாது என்பதற்கு ஒரு காரணமும் இல்லை. செலவு கால் பங்காகும், சர்க்கரை நம் கையில் இருக்கும். ஆனால் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். மொஹிட்டோ என்பது கியூபாவில் ரம், எலுமிச்சை, புதினா, சர்க்கரை, சோடா சேர்த்துச் செய்தது; ரம்மை எடுத்துவிட்டால் மிஞ்சுவது புதினா போட்ட எலுமிச்சைச் சோடா. பினா கோலடாவிலிருந்து ரம்மை எடுத்துவிட்டால் தேங்காய்ப்பால் ஊற்றிய அன்னாசிச் சாறு. குடிக்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஏதோ ஒன்று விடுபட்டதை நாக்கு உடனே கண்டுபிடித்துவிடும். ரம் கொடுத்த தொண்டை எரிவு, இலேசான கசப்பு, இனிப்பை வெட்டும் கூர்மை ஆகிய மூன்றும் போய்விட, அந்த இடத்தை இனிப்பு வந்து நிரப்பிக்கொள்கிறது. எதை நீக்கினோம் என்று பார்ப்பதோடு நிற்காமல், நீக்கிய இடத்தில் என்ன வைத்தோம் என்றும் பார்த்தால்தான் பானம் வளர்ந்த நாக்குக்கு ஏற்றதாகும்.

எரிவுக்குச் சுக்கும் மிளகும், துவர்ப்புக்குத் தேயிலையும் நெல்லிக்காயும், கசப்புக்கு எலுமிச்சைத் தோல், உவர்ப்புக்கு உப்பு என்று யோசித்துக்கொண்டே போனபோது, இவையெல்லாம் நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியிலும் அதைச் சுற்றியும் முன்பே இருப்பவை என்பது தெரிந்தது. ராமநவமிக்கு ஒரு சிறு தம்ளரில் கொடுக்கும் பானகத்தில் எரிவும் புளிப்பும் மணமும் ஒன்றாக இருக்கின்றன. இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அதன் காரப்பொருள் இன்னும் உறைப்பான வேறொன்றாக மாறிவிடுவதால், சுக்குக் காரம் தொண்டையில் சற்று நேரம் நின்று எரியும்.

வீட்டில் மூன்று முறை செய்து பார்த்துச் சரிசெய்த அளவு இது. 200 கிராம் வெல்லத்தை 200 மில்லி தண்ணீரில் கரைத்து வடிகட்டி, ஒரு தேக்கரண்டி சுக்குத்தூள், அரைத் தேக்கரண்டி ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு, நான்கு ஏலக்காய் சேர்த்து இரண்டு மணி நேரம் ஊறவிட்டு மெல்லிய துணியில் மறுபடி வடிகட்ட வேண்டும். கோப்பை நிறைய ஐஸ் போட்டு, இந்தப் பாகு 20 மில்லி, அரை எலுமிச்சைச் சாறு ஊற்றி, நன்றாகக் குளிர்ந்த சோடா 150 மில்லியைக் கடைசியில், கோப்பையின் ஓரமாகச் சரித்து விட வேண்டும். குளிர்ந்த சோடாவில்தான் வாயு தங்கும். உப்பைச் சோடாவுக்குப் பின் போட்டால் ஒவ்வொரு உப்புக் கல்லையும் பற்றிக்கொண்டு வாயு பொங்கி மேசை முழுக்க வழிந்துவிடும். ஆகவே ஒரு சிட்டிகை உப்பைப் பாகிலேயே கரைத்துவிட வேண்டும். கடைசியாக எலுமிச்சைத் தோலில் ஒரு சிறு துண்டைச் சீவி, கோப்பைக்கு நேர் மேலே முறுக்கினால், கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளிகள் மேற்பரப்பில் படியும். கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதும் அந்த மணம்தான் முதலில் வரும். செம்பழுப்பு நிறத்தில், உயரமான கண்ணாடிக் கோப்பையில் அது நிற்கும்போது பானகம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு கோப்பையில் சுமார் 12 கிராம் இனிப்பு.

இரண்டாவதாகச் செய்தது நன்னாரித் தேநீர். தேயிலையைக் கொதிக்க வைக்காமல் குளிர்ந்த தண்ணீரில் இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் ஊறவிட்டால் துவர்ப்பு மென்மையாக இறங்கும். அதில் கொஞ்சம் நன்னாரி சர்பத்தும் எலுமிச்சையும் சேர்த்தால் நிறத்திலும் மணத்திலும் ஆழமான ஒரு பானம் கிடைக்கிறது. இதிலும் சிறிது காஃபீன் உண்டு. 8 மணிக்கு மேல் ஊற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். டானிக் வாட்டரையும் முயன்றோம். அதில் சேர்க்கும் குயினைன் என்ற பொருளின் கசப்பு அருமையாக இருந்தது. ஆனால் நாக்குக்குக் கசந்தாலும் சர்க்கரை அதில் மற்ற குளிர்பானங்களைவிடக் கொஞ்சம்தான் குறைவு என்பதால் கைவிட்டோம்.

ஊர்ப் பெருமையாக ஜிகர்தண்டா வைக்கலாமே என்று என் மாமியார் கேட்டார். கடற்பாசியும் பாசந்தியும் ஐஸ்கிரீமும் சேர்ந்த ஜிகர்தண்டா கையில் வைத்துக்கொண்டு உறிஞ்சும் பானமல்ல, அது வயிற்றை நிரப்பும் இனிப்பு. விருந்து முடிவில் ஆளுக்கு ஒரு சிறு தம்ளர் என்று ஒப்புக்கொண்டோம். பதநீரை வைக்க எனக்கே ஆசை இருந்தது. ஒரே பாளையிலிருந்து இறங்கும் சாறு, கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். மது இல்லாத பானத்துக்கும் மதுவுக்கும் நடுவே ஒரு சுண்ணாம்புப் பூச்சுதான் இருக்கிறது என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு அதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் வேறு இல்லை. ஆனால் பதநீர் காலைக்குரியது. சித்திரை வெயிலில் மாலை வரை வைத்திருந்தால் புளித்துவிடும். அதனால் பிறந்தநாளன்று காலையில் வீட்டாருக்கு மட்டும் நுங்கு போட்டுப் பதநீர்.

எதைப் பரிமாறுவது என்ற கேள்வியோடு எப்படிப் பரிமாறுவது என்பதும் சேர்ந்தே வருகிறது. பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் பழத்துண்டு மிதக்க ஊற்றி, கரண்டியால் அவரவர் எடுத்துக்கொள்ளும் முறை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் 17 வயதுக் கூட்டத்தில் யாராவது ஒருவர் துணிச்சலைக் காட்டுவதற்காகச் சட்டைப்பையில் கொண்டுவந்ததை அதில் ஊற்றிவிட்டால், குடிப்பவர் எல்லோருக்கும் தெரியாமலேயே அது சேரும். யார் மீதும் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. திறந்த பாத்திரம் வைக்காவிட்டால் அந்த எண்ணம் எழவே இடமில்லை. கோலி சோடா இந்த விஷயத்தில் நிகரற்றது. 1872-இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற அந்தப் புட்டியில், உள்ளிருக்கும் வாயுவே கோலியை மேலே தள்ளி வாயை அடைத்து வைத்திருக்கிறது. கட்டை விரலால் அழுத்திக் கோலியை உள்ளே தள்ளும் அந்த ஓசையும் சீறலும் ஷாம்பெயின் தக்கை செய்யும் வேலையைச் செய்துவிடும். ஒவ்வொரு பிள்ளையும் தன் புட்டியைத் தானே உடைத்துத் தன் கோப்பையில் ஊற்றிக்கொள்ளலாம்.

முடிவில் நாங்கள் எழுதி வைத்திருக்கும் பட்டியல் இது: பானகச் சோடா, நன்னாரித் தேநீர், கம்பம் திராட்சைச் சோடா. இனிப்பு வேண்டும் என்பவர்களுக்காக அரை டஜன் பொவொன்டோ; 1916-இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் பொவொன்டோவைக் குடிக்காமல் இந்த ஊரில் ஒரு விருந்தும் முடிவதில்லை. 24 பேர், ஆளுக்கு மூன்று கோப்பை, கோப்பைக்கு 200 மில்லி என்றால் 14.4 லிட்டர், தண்ணீர்க் கேன் தனி. ஆளுக்கு அரைக் கிலோ வீதம் 12 கிலோ ஐஸ், இரண்டு தெர்மகோல் பெட்டிகளில். கண்ணாடிக் கோப்பைகளைச் சாமியானாக் கடையில் 40 வாடகைக்குச் சொல்லியாயிற்று. உடைவதற்கென்று 5 கூடுதல். கவுன்டருக்குப் பின்னால் நிற்கப்போவது என் இளைய மகனும் அவன் சித்தப்பாவும். மூன்று பானங்களுக்கும் பெயர் வைக்கும் பொறுப்பை மகள் தன்னிடம் வைத்துக்கொண்டு, அட்டையில் எழுதிக் காயவைத்திருக்கிறாள். பானகச் சோடாவுக்கு அவள் வைத்திருக்கும் பெயர் "சுக்கு 17".